சிறுநீரகக் கல்: ஸ்கேனில் பிடிப்பதும் அதிர்வலையில் உடைப்பதும்

லித்தோட்ரிப்சி அறைக்குப் புதிதாக வரும் டெக்னீஷியன், நர்ஸ், பயிற்சி மருத்துவர் ஆகியோருக்காக இந்தக் குறிப்பு. உடம்பைக் கீறாமல் வெளியிலிருந்தே அதிர்வலை அனுப்பிச் சிறுநீரகக் கல்லைப் பொடியாக்கும் இந்தச் சிகிச்சை 1980 பிப்ரவரியில் மியூனிக் நகரில் முதல் நோயாளிக்குச் செய்யப்பட்டது. டோர்னியர் என்ற விமான நிறுவனத்தின் பொறியாளர்களும் கிறிஸ்டியன் ஷௌஸி முதலான மருத்துவர்களும் சேர்ந்து கொண்டுவந்த முறை இது. அன்றைக்கு நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, எக்ஸ்ரேயில் கல்லைப் பார்த்து அடித்தார்கள். இப்போது தொட்டியின் இடத்தில் தண்ணீர் நிரப்பிய ரப்பர் குஷன் இருக்கிறது. பல அறைகளில் எக்ஸ்ரேயின் இடத்துக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வந்துவிட்டது.

ஸ்கேன் கருவிதான் கல்லை உடைக்கிறது என்று நோயாளிகள் பலர் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். புரோப், அதாவது உடம்பின்மேல் வைக்கும் ஸ்கேன் முனை, பார்ப்பதற்கு மட்டும். உடைப்பது குஷனுக்குப் பின்னால் உள்ள ஷாக் ஹெட். மின்பொறியாலோ, மின்காந்தச் சுருளாலோ, மின்சாரம் பட்டால் அதிரும் பீஸோ படிகங்களாலோ அதில் ஓர் ஒற்றைத் துடிப்பு பிறக்கிறது. சில மைக்ரோ செகண்டுதான் அதன் ஆயுள். ஆனால் குவியும் இடத்தில் அழுத்தம் 30 முதல் 100 மெகாபாஸ்கல் வரை ஏறும். தோலும் தசையும் ஏறத்தாழ தண்ணீரைப் போலவே ஒலியைக் கடத்துவதால் அலை அவற்றைக் கடந்து போய்விடுகிறது. கல்லின் பின்பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும் அலை உள்ளிருந்து இழுத்துப் பிளக்கிறது, பக்கங்களில் ஓடும் அலை நெரிக்கிறது, மேற்பரப்பில் தோன்றும் நுண்குமிழிகள் வெடித்து அரிக்கின்றன. ஒரே அடியில் எதுவும் நடக்காது. கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பது போல, ஆயிரக்கணக்கான அடிகளில் விரிசல் கூடிக்கூடித்தான் கல் உதிர்கிறது.

கல் உடையாதபோது எல்லார் கையும் பவரைக் கூட்டத்தான் போகும். ஆனால் சிகிச்சை தோற்பதற்கான காரணம் பெரும்பாலும் முதல் ஷாக்குக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்: தேர்ந்தெடுத்த கல் பொருந்தாதது, ஜெல்லில் காற்று, அல்லது குறி சில மில்லிமீட்டர் தள்ளியிருப்பது. இந்தக் குறிப்பில் பாதிக்கு மேல் அந்த மூன்றைப் பற்றியதுதான்.

எந்தக் கல்லுக்கு இது சரி

சிறுநீரகத்தில் 20 மி.மீ.க்குள் உள்ள கல், சிறுநீர்க்குழாயில் 10 மி.மீ.க்குள் உள்ள கல், இவைதான் பொதுவான எல்லை. சிறுநீரகத்தின் கீழ் கேலிக்ஸில், அதாவது அடிக் கிண்ணத்தில் இருக்கும் கல் மட்டும் 10 மி.மீ.யைத் தாண்டினாலே யோசிக்க வேண்டும். கல் உடைந்துவிடும், ஆனால் பொடி மேலேறி வெளியே வர வேண்டுமே. கிண்ணத்தின் கழுத்து 5 மி.மீ.க்கும் குறுகலாகவோ, நீளமாகவோ, செங்குத்தாகவோ இருந்தால் அந்தப் பொடி அங்கேயே தங்கி மறுபடி கல்லாகும்.

சிடி ஸ்கேன் கையில் இருந்தால் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று கல்லின் ஹவுன்ஸ்ஃபீல்டு எண், அதாவது சிடியில் அடர்த்தியைக் காட்டும் எண். 1000-ஐத் தாண்டினால் கல் கெட்டி, உடைவது கடினம். இரண்டாவது தோலிலிருந்து கல் வரை உள்ள தூரம், 10 செ.மீ.க்கு மேல் போனால் பலன் குறையும். இதோடு உங்கள் மெஷினின் ஃபோகஸ் ஆழத்தையும், அதாவது அலை குவியும் ஆழத்தையும், ஒப்பிடுங்கள். அதைவிட ஆழத்தில் உள்ள கல்லை எந்தக் கைப்பழக்கமும் எட்டாது. சிஸ்டின் கல், புருஷைட் கல், கால்சியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட் கல் மூன்றும் அதிர்வலைக்கு எளிதில் மசியாதவை. முந்தைய கல்லின் பரிசோதனை அறிக்கை நோயாளியிடம் இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

யூரிக் அமிலக் கல் தனி வகை. எக்ஸ்ரேயில் அது தெரியவே தெரியாது, ஸ்கேனில் பளிச்சென்று தெரியும். அல்ட்ராசவுண்ட் குறி உள்ள மெஷினின் பெருமை இந்தக் கல்லில்தான் விளங்கும். ஆனால் சிட்ரேட் மருந்தால் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்தே இதைக் கரைத்துவிட வாய்ப்புண்டு என்பதால், உடைக்கும் முன் அதை மருத்துவர் பார்த்துவிட்டாரா என்று கேளுங்கள்.

கர்ப்பிணிக்குக் கூடவே கூடாது. குழந்தை பெறும் வயதில் உள்ள ஒவ்வொருவருக்கும் கர்ப்பப் பரிசோதனை முடிந்த பிறகே மேசை. ரத்தம் உறைவதில் சரிசெய்யாத கோளாறு, சிகிச்சை பெறாத சிறுநீர்த் தொற்று, அலை போகும் வழியில் பெருந்தமனி வீக்கம், கல்லுக்குக் கீழே அடைப்பு, இவற்றில் எது இருந்தாலும் நிறுத்த வேண்டும். காய்ச்சலோடு சிறுநீரகம் வீங்கியும் இருந்தால் அது உடைக்கிற வேலையே இல்லை, அவசரம். ஸ்டென்ட் என்ற மெல்லிய குழலைச் சிறுநீர்க்குழாய்க்குள் வைத்தோ முதுகுவழிக் குழாய் போட்டோ முதலில் சிறுநீரை வடிக்க வேண்டும்.

கல்லை ஸ்கேனில் பிடிப்பது

வளைந்த முகமுள்ள கான்வெக்ஸ் புரோப், 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ். மெலிந்த உடம்பில் 5 பக்கம் போங்கள், பருமனான உடம்பில் 3-க்கு இறங்குங்கள். வலது சிறுநீரகத்துக்குக் கல்லீரலே நல்ல ஜன்னல். இடது பக்கம் குடல் வாயு மறைக்கும் என்பதால் புரோப்பை இன்னும் முதுகுப் பக்கமாகக் கொண்டுபோய் மண்ணீரல் வழியாகப் பாருங்கள். விலா எலும்பு நிழல் விழுந்தால், "அம்மா, மூச்சை நல்லா இழுத்து அப்படியே பிடிங்க" என்றால் சிறுநீரகம் கீழே இறங்கிக் கண்ணுக்கு வரும். நீளவாக்கில் ஒரு முறை, குறுக்கே ஒரு முறை என இரண்டு வெட்டிலும் தெரிவதுதான் கல். ஒரே வெட்டில் மட்டும் மின்னுவதைக் கல் என்று எழுத வேண்டாம்.

கல் வெள்ளைப் பிறை போலத் தெரியும், அதன் பின்னால் கறுப்பு நிழல் வால் போல விழும். நிழல்தான் சாட்சி. அது தெளிவாக விழ நான்கு மாற்றங்கள் செய்யுங்கள்: ஃபோகஸைக் கல்லின் ஆழத்துக்குக் கொண்டுவாருங்கள், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் கெயினைக் குறையுங்கள், படத்தின் இரைச்சலைக் குறைக்கும் ஹார்மானிக்ஸைப் போடுங்கள், காம்பவுண்டிங்கை அணையுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறக்கிறார்கள். காம்பவுண்டிங் பல கோணங்களிலிருந்து படத்தைச் சேர்ப்பதால் படம் அழகாக இருக்கும், நிழல் மட்டும் கரைந்துபோகும். கல் தேடும்போது அழகு வேண்டாம், நிழல்தான் வேண்டும்.

சிறுநீரகத்தின் நடுவில் உள்ள கொழுப்பும் வெள்ளையாகவே தெரியும். அதற்குள் பதுங்கிய சிறு கல்லைப் பிடிக்கக் ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் உதவும். கலர் பெட்டியைச் சந்தேக இடத்தின் மேல் வைத்து, ஓட்ட வேகத்தின் அளவுகோலான ஸ்கேலை நன்றாக உயர்த்துங்கள். ரத்த ஓட்டத்தின் நிறம் மறைந்துவிடும். கலர் கெயினைப் புள்ளிகள் தெறிக்கும் அளவுக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். கல் இருந்தால் அதன் பின்னால் சிவப்பும் நீலமும் மாறிமாறி மினுங்கும். கல்லின் சொரசொரப்பான பரப்பில் ஒட்டியிருக்கும் நுண்குமிழிகளால் வரும் மினுக்கம் இது. ஸ்டென்டும் சுண்ணாம்பு படிந்த ரத்தக் குழாயும் இதேபோல மினுங்கும். ரயில் தண்டவாளம் போல இரண்டு இணைகோடாகத் தெரிந்தால் அது அந்தக் குழாயின் சுவர், கல் இல்லை.

அளவெடுப்பதில் ஸ்கேன் கொஞ்சம் ஊதிக் காட்டும், ஒன்றிரண்டு மி.மீ., சிலசமயம் அதற்கும் மேல். 5 மி.மீ.க்குள் உள்ள கல்லில் இந்தப் பிழை சிகிச்சையையே மாற்றிவிடும். தானாக வெளியேறக்கூடிய கல் உடைக்க வேண்டிய கல்லாகத் தோன்றும். வெள்ளைப் பிறையை அளப்பதற்குப் பதில், நிழல் தொடங்கும் இடத்தில் நிழலின் அகலத்தை அளந்தால் உண்மைக்கு நெருக்கமாக வரும்.

சிறுநீர்க்குழாயில் மேல்முனையும் கீழ்முனையும்தான் ஸ்கேனுக்குச் சிக்கும். நடுப்பகுதி குடல் வாயுவுக்குப் பின்னால் இருக்கும். கீழ்முனைக் கல்லுக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். அதன் வழியே பார்த்தால் குழாய் வாயில் மாட்டிய கல் தெரியும். பை நிறைந்திருக்கும்போது சிறுநீரகம் லேசாக உப்பித் தெரிந்தால், சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி மறுபடி பாருங்கள். முதல் தடவையே அடைப்பு என்று எழுதிவிடக் கூடாது.

முந்தின நாள்

யூரின் கல்ச்சர், ரத்த அழுத்தம், பிளேட்லெட், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர், கிரியேட்டினின் அறிக்கைகள் முன்பே கையில் இருக்கட்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகளை எப்போது நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதை அவருடைய இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நோயாளியே நிறுத்திக்கொள்ளக் கூடாது, நாமும் சொல்லக் கூடாது. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவரை மேசையில் ஏற்றாதீர்கள். சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் கட்டுவதற்கு உயர் அழுத்தம் முக்கியக் காரணம். பேஸ்மேக்கர் இருந்தாலும் செய்ய முடியும், ஆனால் இதயப் பிரிவோடு பேசி ஏற்பாடு செய்த பிறகு.

முந்தின இரவு சுண்டல், மொச்சை, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் வேண்டாம். கஞ்சி, இட்லி, ரசம் சாதம் போதும். குடலில் வாயு குறைந்தால் படம் தெளியும், அலை போகும் வழியும் தெளியும். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருபவர்கள் உண்டு. இடுப்புப் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்பால் கழுவித் துடைக்க வேண்டும், இல்லையென்றால் ஜெல் தோலோடு ஒட்டாது. முதுகுப் பக்கம் அடர்ந்த முடி இருந்தால் மழித்துவிடுங்கள். ஒவ்வொரு முடியின் அடியிலும் காற்று தங்கும்.

அரைஞாண் கயிற்றை மறக்காதீர்கள். சரியாகக் குஷன் படும் இடத்தில்தான் அது கிடக்கும். நூலோ வெள்ளியோ, ஜெல்லுக்குள் மாட்டினால் காற்றைக் கோடாக இழுத்துவரும். அனுமதி கேட்டு மேலே தள்ளி ஒட்டுப்போடுங்கள், அல்லது கழற்றிக் கூட வந்தவர் கையில் கொடுங்கள். கேட்காமல் வெட்டக் கூடாது. அது அவருக்கு வெறும் கயிறு இல்லை.

ஜெல்

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்போம். ஒலி தண்ணீரிலிருந்து காற்றுக்குள் நுழையாது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் திரும்பிவிடும். குஷனுக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு குமிழி இருந்தால், அந்தக் குமிழியின் நிழலில் அலை இல்லை. இணைப்புப் பரப்பில் வெறும் 2 சதவீதத்தைக் காற்று மறைத்தாலே கல் உடைவது 20 முதல் 40 சதவீதம் குறையும் என்று ஆய்வகச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். நாம் 3000 ஷாக் கொடுத்துவிட்டதாக நினைப்போம், கல்லோ அதில் ஒரு பகுதியைத்தான் பார்த்திருக்கும்.

தவறு நடப்பது இப்படித்தான். ஸ்கேன் மேசையில் இருக்கும் பிதுக்கு பாட்டிலை எடுத்து நாலு பக்கமும் கோலம் போடுவது போலப் பீய்ச்சுகிறோம். பாட்டில் புர்ரென்று ஒவ்வொரு முறையும் காற்றைத் துப்புகிறது. பிறகு கையால் தடவிப் பரப்புகிறோம். விரல் ஒவ்வொரு தடவை போய் வரும்போதும் ஜெல்லுக்குள் காற்றைப் பிசைந்து விடுகிறது. ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் சோடா போல நுரைத்திருக்கும்.

சரியான முறை: ஐந்து லிட்டர் கேன் போன்ற பெரிய பாத்திரத்திலிருந்து, அகன்ற வாய் வழியாக, குஷனின் நடுவில் ஒரே மேடாக ஊற்றுங்கள். அந்த மேடு ஒரு பெரிய கையளவு இருக்க வேண்டும். கேனைக் குலுக்காதீர்கள், தலைகீழாக வைக்காதீர்கள். கையால் தொடாதீர்கள். குஷனில் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து வைத்துவிட்டு நோயாளியை அதன்மேல் கிடத்தி, பிறகு மெதுவாகத் தண்ணீரை நிரப்புங்கள். மேடு நடுவிலிருந்து ஓரத்துக்கு விரியும்போது காற்றைத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டே போகும். தோசைக்கல்லில் மாவை நடுவில் ஊற்றி வெளியே இழுப்போமே, அந்தப் போக்கு.

ஷாக் ஹெட்டின் நடுவிலேயே ஸ்கேன் புரோப் உள்ள மெஷினாக இருந்தால் இணைப்பு சரியா என்பதைப் படமே சொல்லிவிடும். திரையின் மேல் பகுதியில் பளிச்சென்ற கோடும் அதன்கீழே கறுப்புப் பட்டையும் விழுந்தால் அது காற்று. புரோப்பை முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பட்டை இருந்தால் நோயாளியைத் தூக்கி, பழைய ஜெல்லை முழுக்க வழித்து, புதிதாகத் தொடங்குங்கள். பாதியில் நோயாளி அசைந்து உடம்பு குஷனை விட்டு எழும்பினாலும் இதேதான். ஓரத்தில் கொஞ்சம் ஜெல் சேர்ப்பது பயன் தராது, எழும்பிய கணத்திலேயே காற்று நடுவுக்குப் போய்விட்டிருக்கும். குஷனுக்குள் இருக்கும் தண்ணீரிலும் குமிழி தங்கும். தினமும் காலையில் மெஷினின் காற்று நீக்கும் சுற்றை ஓட்டிவிட்டே முதல் நோயாளியைக் கூப்பிடுங்கள்.

குறி வைப்பது

அன்றைய வேலை தொடங்கும் முன், மெஷினோடு வந்த சோதனைக் குண்டைத் தண்ணீரில் வைத்து, திரையில் உள்ள குறுக்குக்கோடும் உண்மையான ஃபோகஸும் ஒன்றாக விழுகிறதா என்று சரிபாருங்கள். புதிய மெஷின்களில் ஃபோகஸின் அகலம் சில மி.மீ.தான். கோடு 5 மி.மீ. விலகினாலே நாம் கல்லின் பக்கத்துத் திசுவை அடித்துக்கொண்டிருப்போம்.

புரோப் ஷாக் ஹெட்டுக்குள்ளேயே இருப்பது ஒரு வகை, தனிக் கையில் பக்கவாட்டில் இருப்பது இன்னொரு வகை. முதல் வகையில் படமும் அலையும் ஒரே வழியில் போவதால், நாம் பார்க்கிற வழிதான் அலை போகிற வழி. வழியில் விலா எலும்பு, குடல், நுரையீரல் எது குறுக்கே வந்தாலும் தெரிந்துவிடும். குஷன் வழியே பார்ப்பதால் படம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். பக்கவாட்டு வகையில் படம் தெளிவு, ஆனால் கொழுப்பில் ஒலியின் வேகம் வேறு என்பதால் பருமனான உடம்பில் கல் சில மி.மீ. தள்ளித் தெரியலாம். உள் புரோப் உள்ள மெஷினில் இன்னொரு கவனம்: பார்ப்பதற்காகத் தோல்வரை முன்னே நீட்டிய புரோப்பை ஷாக் கொடுக்கும்போது பின்னே இழுக்க வேண்டும். நீட்டியே விட்டால் நடு அலையை அது மறைக்கும்.

குழந்தைகளுக்கு நுரையீரல் சிறுநீரகத்துக்கு மிக அருகில் இருக்கும். காற்று நிறைந்த உறுப்பில் அலை பட்டால் காயம். விலாவின் கீழ்ப்பகுதியில் ஒரு தெர்மாகோல் துண்டை வைத்து மறைப்பார்கள். ஜெல்லில் நமக்குப் பகையாக இருந்த அதே காற்று இங்கே கவசமாகிறது.

மூச்சுதான் மிகப் பெரிய சிக்கல். ஒவ்வொரு மூச்சிலும் சிறுநீரகம் சில செ.மீ. மேலும் கீழும் போய் வருகிறது. ஐந்து மூச்சு பொறுமையாகத் திரையைப் பாருங்கள். மூச்சை வெளியே விட்ட பிறகு கல் சற்று நேரம் ஓரிடத்தில் தங்கும். அங்கே குறுக்குக்கோட்டை வையுங்கள். இழுத்த நிலையில் வைத்தால் கல் அங்கே கணநேரம்தான் நிற்கும், பாதி அடி வெறும் சதையில் விழும். "ஐயா, பெருமூச்சு வேண்டாம், தூங்கும்போது விடுற மாதிரி மெதுவா விடுங்க" என்று சொல்லிக் கொடுங்கள். வயிற்றின் மேல் ஒரு பெல்ட்டை மிதமாகக் கட்டினாலும் அசைவு குறையும்.

ஷாக் கொடுப்பது

வலிக்கு மருந்து கொடுத்தே தொடங்குங்கள். என்ன மருந்து என்பது மயக்க மருத்துவரின் முடிவு. வலி தாங்குவது இங்கே வீரம் இல்லை. வலிக்கிறவர் வேகமாக மூச்சு விடுவார், இடுப்பை இறுக்குவார், கல் குறியை விட்டு ஓடும். நன்றாக வலி நீங்கியவருக்குக் கல் நன்றாக உடைகிறது என்பது இந்த அறையில் எல்லாரும் அறிந்த உண்மை.

குறைந்த பவரில் முதல் 200, 300 ஷாக். பிறகு இரண்டு மூன்று நிமிடம் நிறுத்தம். இந்த இடைவெளி ஓய்வுக்கு மட்டும் இல்லை. முதல் மெல்லிய அடிகளில் சிறுநீரகத்தின் ரத்த நாளங்கள் சுருங்குகின்றன. அதற்குப் பிறகு வரும் பலத்த அடியில் ரத்தக்கசிவு குறைகிறது. நிறுத்தம் முடிந்து, ஒவ்வொரு 100, 200 ஷாக்குக்கும் ஒரு படி ஏற்றுங்கள். எந்தப் படி வரை என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், மேனுவலில் உள்ள எல்லையைத் தாண்டாதீர்கள். சிறுநீரகக் கல்லுக்கு ஒரு அமர்வில் பொதுவாக 2000 முதல் 3000 வரை.

வேகம் நிமிடத்துக்கு 60 முதல் 90. காத்திருப்பவர் பட்டியல் நீளும்போது 120-க்கு ஏற்றிவிட்டு அரை மணியில் முடிக்கத் தோன்றும். செய்யாதீர்கள். ஒவ்வொரு அடியும் கல்லைச் சுற்றிக் குமிழிகளை விட்டுச் செல்கிறது. அவை கரைய நேரம் வேண்டும். கரைவதற்குள் அடுத்த அலை வந்தால், அதன் ஆற்றலைக் குமிழிகளே தின்றுவிடும். நிமிடத்துக்கு 60 என்றால் 3000 ஷாக்குக்கு 50 நிமிடம் ஆகும், ஆகட்டும்.

ஒவ்வொரு 100 ஷாக்குக்கும் குறியைத் திரும்பப் பாருங்கள். நடுவில் கல் தெரியாமல் வெண்புகை போல மூடிக்கொண்டால் அது குமிழி மேகம். ஒன்றிரண்டு நிமிடம் நிறுத்தினால் விலகும். புகையைக் கல் என்று நினைத்து அடித்துக்கொண்டே போகக் கூடாது. இதயத்துடிப்பு தப்பினால் ஷாக்கை ஈசிஜியோடு இணைத்து, துடிப்புக்கு ஒன்றாக விடுங்கள்.

உடைகிறதா என்று எப்படித் தெரியும்

சரியாக விழும் அடியில் கல் திரையில் துள்ளும். அடி விழும் கணத்தில் படம் ஒரு நொடி வெள்ளையாகச் சிதறும். அது தெளிந்ததும் வெள்ளைப் பிறை அரை மி.மீ. நகர்ந்திருக்கும், அதன் பக்கத்தில் மெல்லிய புகை இழை எழும்பி அடங்கும். துள்ளலும் இல்லை, புகையும் இல்லை என்றால் அடி வேறெங்கோ விழுகிறது. பவரைத் தொடாமல் ஜெல்லையும் குறியையும் பாருங்கள்.

சில நூறு ஷாக் போனதும் ஒற்றைப் பிறை அகன்று, திட்டுத்திட்டாகி, கத்தி வைத்தது போலிருந்த நிழலின் விளிம்பு மங்கும். நல்ல அறிகுறி. ஆனால் முழுக்க உடைந்துவிட்டதா என்று ஸ்கேனை வைத்து உறுதி சொல்ல முடியாது. ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும் மணலும் முழுக்கல் போலவே நிழல் போடும். பிறை கலைந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்த வேண்டாம், தீர்மானித்த எண்ணிக்கையை முடியுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது

ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், இடுப்பில் கன்றிய வலி இருக்கும், துகள் இறங்கும்போது சுருக்கென்று இழுக்கும். இவை எதிர்பார்த்தவை என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், சிறுநீர் நின்றுபோதல், கட்டி கட்டியாக ரத்தம், மாத்திரைக்கு அடங்காத இடுப்பு வலியோடு தலைசுற்றல், இவற்றில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் வர வேண்டும். கடைசியாகச் சொன்னது சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் கட்டியதாக இருக்கலாம். இதைத் தாளில் தமிழில் எழுதிக் கொடுத்து, கூட வந்தவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். வெயில் காலத்தில் வயலிலோ கட்டட வேலையிலோ இருப்பவருக்கு இது மூன்று, நான்கு லிட்டர் குடித்தால்தான் கிடைக்கும். வாழைத்தண்டுச் சாறு குடிக்கலாமா என்று கட்டாயம் கேட்பார்கள். கால்சியம் ஆக்சலேட் கல்லை அது கரைக்கும் என்று நம்பி மருந்தையும் ஸ்கேனையும் விட்டுவிடக் கூடாது என்று அன்பாகவே சொல்லுங்கள். துகள் இறங்க எளிதாக டாம்சுலோசின் 0.4 மி.கி. மாத்திரையை இரவில் ஒன்று என மருத்துவர் எழுதுவது உண்டு. சிறுநீரை டீ வடிகட்டியிலோ மெல்லிய வேட்டித் துணியிலோ வடித்து, சிக்கும் துகளைக் கழுவி உலர்த்தி, காய்ந்த டப்பாவில் கொண்டுவரச் சொல்லுங்கள். ஃபார்மலினில் போட வேண்டாம்.

இரண்டு வாரத்தில் மறு ஸ்கேன், முடிந்தால் எக்ஸ்ரேயும். வலி இல்லை என்பதற்காக இதைத் தவறவிடக் கூடாது. உடைந்த துகள்கள் சிறுநீர்க்குழாயில் வரிசையாக அடைத்து நிற்பது உண்டு. ஜெர்மன் மொழியில் இதற்குக் கல்வீதி என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். சிலருக்கு அது வலியே தராமல் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். சிறுநீரகம் உப்பியிருப்பது ஸ்கேனில் தெரிந்தால், வரிசையின் முன்னால் நிற்கும் பெரிய துண்டு எங்கே என்று தேடுங்கள். காய்ச்சல் இல்லையென்றால் மருந்தோடு சில நாள் காத்திருப்பது, அந்த முன்துண்டை மட்டும் அதிர்வலையால் அடிப்பது, குழாய்க்குள் கருவி விட்டு எடுப்பது என்று வழிகள் உண்டு. காய்ச்சல் இருந்தால் முதலில் வடிகால். 4 மி.மீ.க்குக் குறைவான மிச்சத்தை அடைப்பும் தொற்றும் இல்லாதவரை கவனித்துவரலாம், ஆனால் மறந்துவிடக் கூடாது, அது வளரும்.

வெளியிலிருந்து உடையாதபோது

இரண்டு மூன்று அமர்விலும் பிறை கலையவில்லை என்றால் மேலும் அடிப்பது சிறுநீரகத்துக்குத்தான் சேதம். அத்தகைய கல்லுக்கும் 20 மி.மீ.யைத் தாண்டிய கல்லுக்கும் முதுகு வழியே சிறு துளையிட்டுப் போகிறார்கள். உண்மையிலேயே அல்ட்ராசவுண்ட் பார்க்கவும் உடைக்கவும் செய்வது இங்கேதான். ஸ்கேன் பார்த்தபடியே 18 கேஜ் ஊசியைப் பின்பக்கக் கேலிக்ஸின் கிண்ணத்து உச்சி வழியாக உள்ளே விடுகிறார்கள். கிண்ணத்தின் கழுத்தில் குத்தினால் அங்கே ஓடும் பெரிய ரத்த நாளம் கிழியும். பாதையை விரித்து, உறை வைத்து, உள்ளே பார்க்க உதவும் நெஃப்ரோஸ்கோப் குழல் வழியே நீண்ட உள்ளீடற்ற எஃகுக் குழலை இறக்குகிறார்கள். அதன் நுனி நொடிக்கு ஏறத்தாழ 23,000 முதல் 27,000 முறை அதிர்ந்து கல்லை உரசித் தேய்க்கிறது, அதே குழல் வழியாகப் பொடியும் உறிஞ்சப்படுகிறது.

இதில் கெடுவது பெரும்பாலும் மூன்று விதம். குழலை அழுத்தினால் வேகமாக உடையும் என்று நினைத்து அழுத்துவார்கள். கல் சுவரில் பதிந்து சுவர் துளைபடும். கல்லைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், அதிர்வே தின்னும். இரண்டாவது, உப்புத் தண்ணீர் ஓட்டமோ உறிஞ்சலோ நின்ற பிறகும் பெடலை மிதிப்பது. குழலைக் குளிர்விப்பதே அந்த ஓட்டம்தான், நின்றால் நொடிகளில் சூடேறும். மூன்றாவது, உறிஞ்சலை மிகக் கூட்டுவது. சிறுநீரகக் கூடு சுருங்கிச் சவ்வு குழல் வாயில் ஒட்டும், பார்வையும் போய்விடும். குழல் அடைத்துக்கொண்டால் வெளியே எடுத்து, நேரான கம்பியால் குத்தி, சிரிஞ்சில் தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்யுங்கள். வளைந்த குழலை நிமிர்த்திப் பயன்படுத்தாதீர்கள். அதிர்வு வளைவிலேயே செலவாகிக் குழல் அங்கேயே ஒடியும்.

தோலைத் துளைக்காமலே அல்ட்ராசவுண்ட் அலைத்தொடரால் கல்லை உடைக்கும் முயற்சியும் வந்துகொண்டிருக்கிறது. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு, ஒரே பெரிய அடிக்குப் பதில் குறைந்த அழுத்தத்தில் அடுக்கடுக்கான துடிப்புகளை அனுப்பி, 19 நோயாளிகளின் 23 கற்களை அதிகபட்சம் 10 நிமிடம் அடித்துப் பார்த்த முடிவை 2022-இல் வெளியிட்டது.

துளைவழிச் சிகிச்சை முடிந்ததும் உறிஞ்சு குழாயின் வடிகட்டியில் கல்பொடி சேர்ந்திருக்கும். தண்ணீரோடு கொட்டிவிடாதீர்கள். உப்புத் தண்ணீரில் ஒருமுறை அலசி, காகிதத்தில் உலர்த்தி, நோயாளியின் பெயரும் தேதியும் எந்தப் பக்கச் சிறுநீரகம் என்பதும் எழுதிக் கல் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அடுத்த கல் வராமல் தடுக்க என்ன மருந்து, என்ன உணவு என்பதை மருத்துவர் அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் எழுதுவார்.